போல்ட் முறுக்கியாச்சு, மேப் மாத்தணுமா?

ஸ்விஃப்ட்டுக்கு பர்ஃபார்மன்ஸ் ஏர் ஃபில்டர் மாட்டினேன். ‘ட்யூனிங் பண்ணலைன்னா இன்ஜின் போயிடும்’ என்று பயமுறுத்துகிறார் கடைக்காரர். உண்மையா?
– ஈரோடு வாசகர்

அவர் ட்யூனிங்கும் விற்கிறாரா என்று விசாரியுங்கள், பாதி பயம் போய்விடும். பழைய டப்பாவுக்குள்ளேயே உட்காரும் ஃபில்டர் என்றால் மீதி பயமும் வேண்டாம். பெட்ரோல் இன்ஜினில் 1 கிராம் பெட்ரோல் முழுசாக எரிய சுமார் 14.7 கிராம் காற்று வேண்டும். எக்ஸாஸ்ட் குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் புகையைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, இன்ஜின் கம்ப்யூட்டரான ஈசியூ பெட்ரோலைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருக்கும். புது ஃபில்டர் விடுகிற கூடுதல் காற்றெல்லாம் அதற்குக் கொசுறு. பிக்கப் நிஜமாகவே எகிறியிருந்தால், கழற்றிப்போட்ட ஃபில்டரை எத்தனை வருஷமாக மாற்றவில்லை என்று யோசியுங்கள்.

அப்படியென்றால் ட்யூனிங் எதற்குத்தான் தேவை?
– நாமக்கல் வாசகர்

மேலே சொன்ன திருத்தமெல்லாம் நிதானமாக ஓட்டும்போதுதான். ஆக்சிலேட்டரை முழுசாக மிதித்தால், பல கார்களில் ஈசியூ சென்சார் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டு, கம்பெனியில் எழுதிவைத்த அட்டவணைப்படி பெட்ரோல் ஊற்றும். அந்த அட்டவணைக்குப் பெயர்தான் மேப். கம்பெனி மாட்டிய பார்ட்ஸை வைத்து எழுதியது அது. நீங்கள் மாட்டியது அந்தக் கணக்கைப் பொய்யாக்குகிறதா? இந்த ஒன்றைத்தான் பார்க்க வேண்டும்.

டப்பாவுக்குள் மாட்டும் ஃபில்டர், கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் பின்னால் வரும் சைலன்சர்: ட்யூனிங் வேண்டாம். ஹெட்டர் (இன்ஜினை ஒட்டிய எக்ஸாஸ்ட் குழாய்கள்): கார் ஓடும், ஆனால் கொடுத்த காசுக்குப் பலன் வேண்டுமானால் ட்யூன் பண்ணுங்கள். டர்போ காரில் டவுன்பைப் (டர்போவிலிருந்து இறங்கும் எக்ஸாஸ்ட் குழாய்), பெரிய இன்ஜெக்டர், வேறு கேம்ஷாஃப்ட்: கட்டாயம். பெரிய இன்ஜெக்டர் மாட்டியது ஈசியூவுக்குத் தெரியாது. பழைய நேரக் கணக்கிலேயே திறந்து வைத்து, பெட்ரோலை அளவில்லாமல் கொட்டும்.

இன்டேக் பைப்பைப் பட்டியலில் விட்டுவிட்டீர்களே?
– சேலம் வாசகர்

வேண்டுமென்றேதான். அது காருக்குக் கார் மாறும். சில கார்களில் இன்டேக் குழாய்க்குள் காற்றை அளக்க ஒரு சூடான கம்பி இருக்கும். காற்று ஓடும் வேகத்தில் கம்பி எவ்வளவு குளிர்கிறதோ, அதை வைத்துக் கணக்கு. ஆனால் கம்பி பார்ப்பது தன்னைத் தொட்டுப் போகும் காற்றை மட்டுமே. குழாய் இவ்வளவு அகலம் என்று நம்பித்தான் ஈசியூ மொத்தக் காற்றைக் கணக்குப் போடுகிறது. 60 மி.மீ. குழாய் இருந்த இடத்தில் 70 மி.மீ. குழாய் மாட்டினால் பரப்பு 36 சதவீதம் கூடிவிடும். அகலமான இடத்தில் ஆறு மெதுவாக ஓடுவது போலக் காற்றும் மெதுவாக ஓடும். ‘காற்று குறைவு’ என்று கம்பி சொல்ல, ஈசியூ பெட்ரோலைக் குறைக்கும். முழு மிதியில் இது ஆபத்து: சூடு ஏறும், நாக்கிங் வரும்.

கம்பிக்குப் பதிலாக மேனிஃபோல்டு அழுத்தத்தை அளக்கிற கார்களில் குழாயின் அகலம் இந்தக் குழப்பத்தைச் செய்யாது. அங்கே வேறு வம்பு: பானெட்டுக்குள் திறந்தபடி நிற்கும் கூம்பு ஃபில்டர் ரேடியேட்டர் பக்கத்துச் சூட்டையும் சேர்த்து இழுக்கும். காற்று 10 டிகிரி சூடானால் அடர்த்தி சுமார் 3 சதவீதம் குறையும். காசு கொடுத்து பவரைக் குறைத்துக்கொள்ளவும் வழி இருக்கிறது பாருங்கள்.

போலோ 1.0 டிஎஸ்ஐ வைத்திருக்கிறேன். இப்போது டவுன்பைப், கை கொஞ்சம் நிமிர்ந்ததும் ரீமேப். சரியா?
– கோவை வாசகர்

வரிசை தலைகீழ். டர்போ காரில் பவர் ஒளிந்திருப்பது பூஸ்ட்டில், அதாவது டர்போ காற்றைத் திணிக்கும் அழுத்தத்தில். பூஸ்ட் இருப்பது மேப்பின் கையில். கம்பெனி பைப்போடு ரீமேப் மட்டும் செய்தாலே வித்தியாசம் காலில் தெரியும். டவுன்பைப்பை மட்டும் மாட்டினால் டர்போ சீக்கிரம் சுழன்று, பூஸ்ட் எல்லை தாண்டலாம். உடனே P0234 என்று எரர் கோடு விழும். ஈசியூ பவரை அடக்கி, லாரிக்குப் பின்னால் உருட்ட வைத்துவிடும். கன்வெர்ட்டரையும் சேர்த்து எடுத்தால், ‘கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை’ என்கிற P0420 கோடு இலவசம்.

எக்ஸாஸ்ட் மாத்தினதிலிருந்து கார் பறக்குது சார்!
– மதுரை வாசகர்

பறப்பது சத்தம். கார் பழைய இடத்திலேயே இருக்கலாம். காது சொல்வது உண்மையா என்று, பவரை அளக்கும் டைனோவில் காரை ஏற்றிப் பாருங்கள். மாட்டுவதற்கு முன்னும் பின்னும் அதே டைனோ, அதே கியர். வேறு கடை டைனோவோடு ஒப்பிட்டால் ஊர்ச் சண்டைதான் மிச்சம்.

ட்யூனிங் தேவையா என்று நானே கண்டுபிடிக்க முடியுமா?
– திருச்சி வாசகர்

பாதி முடியும். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் ஒரு புளூடூத் ஸ்கேனரைச் செருகி, ஃபோனில் ‘லாங் டேர்ம் ஃப்யூயல் ட்ரிம்’ பாருங்கள்; ஈசியூ பெட்ரோலை எவ்வளவு கூட்டிக் குறைத்து வருகிறது என்பதன் கணக்கு அது. கூடினாலும் குறைந்தாலும் 5 சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி. 10-ஐத் தாண்டினால் விசாரணை. 25-ஐ நெருங்கினால் செக் இன்ஜின் விளக்கே உங்களைத் தேடி வரும். விசாரணையை இன்டேக் பைப்பின் கிளாம்ப்பிலிருந்து தொடங்குங்கள். லூஸ் கிளாம்ப்புக்கு ரீமேப் மருந்தல்ல. மீதிப் பாதி முழு மிதியில் நடப்பது. அதற்கு வைட்பேண்ட் சென்சாரும் டைனோவும் வேண்டும்.

‘எங்க காலத்துல ஒரு ஸ்க்ரூவைத் திருகினா ட்யூனிங் முடிஞ்சுது’ என்கிறார், அம்பாசடர் வைத்திருந்த அப்பா.
– விழுப்புரம் வாசகர்

சரியாகத்தான் சொல்கிறார். ஆனால் அடிக்கடி திருகினார் என்பதைச் சொல்லாமல் விட்டிருப்பார். கார்புரேட்டருக்கு சென்சார் கிடையாது. தானாகத் திருத்திக்கொள்ளத் தெரியாது. காற்று மாறினால் ஸ்க்ரூவும் ஜெட்டும் மாற வேண்டும். பிளக்கைக் கழற்றிப் பார்ப்பார்கள்: கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம், வெளுப்பு என்றால் குறைவு, காப்பித்தூள் நிறம் என்றால் சரி. இன்று உங்களுக்குத் தேவைப்படாத ட்யூனிங் அப்பாவுக்குத் தேவைப்பட்டது.

போலீஸ் பிடிக்குமா?
– சென்னை வாசகர்

1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, கம்பெனி குறிப்பிட்ட அடிப்படை விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 182A(4) பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். கன்வெர்ட்டரை எடுத்தால் புகைக் கணக்கு தனி. வாரன்டிக்காரர் கேட்கும் கேள்விகள் அதற்கும் மேலே.

நல்ல ட்யூனரை எப்படி அடையாளம் காண்பது?
– தூத்துக்குடி வாசகர்

என்ன பெட்ரோல் போடுகிறீர்கள், கடைசி சர்வீஸ் எப்போது என்று முதலில் கேட்பார். ‘முதலில் பிளக்கை மாற்றிட்டு வாங்க’ என்று வந்த வியாபாரத்தைத் திருப்பி அனுப்பக்கூடத் தயங்க மாட்டார். பழைய மேப்பைப் பத்திரமாக எடுத்துவைத்து, முன்னும் பின்னும் டைனோ கிராஃப் தருவார். பானெட்டைத் திறக்கும் முன் பில் புத்தகத்தைத் திறப்பவரிடம் சாவியை நீட்டாதீர்கள்.