உயிலை மாத்திடுவேன்!

தஞ்சாவூர்ப் பக்கத்தில் எந்தத் தெருவுக்குப் போனாலும் ஓர் உயில் பெரியவர் இருப்பார். வயது எழுபத்தைந்துக்கு மேல். சுயமாகச் சம்பாதித்துக் கட்டிய மாடி வீடு, வாங்கிப் போட்ட ஆறு மா நஞ்சை, வங்கியில் கொஞ்சம் டெபாசிட். மகன்கள் இருவர், மகள் ஒருத்தி. இவ்வளவு இருந்தால் ஒரு மனிதர் இருபது வருஷம் வீட்டை ஆளலாம். செங்கோல் வேண்டாம், இரும்பு பீரோ சாவி ஒன்று அரைஞாணில் தொங்கினால் சரி.

"உயிலை மாத்திடுவேன்!" காப்பி ஆறிப்போயிருந்தால் மாற்றுவார். பேரன் டிவி சத்தத்தைக் குறைக்காவிட்டால் மாற்றுவார். பெரியவன் தீபாவளிக்கு எடுத்து வந்தது எட்டு முழமா, நாலு முழமா என்பதைப் பொறுத்து மாடிப் போர்ஷன் கை மாறும். பெங்களூர் மகள் இரண்டு வாரம் போன் பண்ணவில்லை என்றால் அவள் கணக்கில் ஒரு மா குறையும். மூன்றாம் வாரம் அவள் "கால் வலி எப்படிப்பா இருக்கு?" என்று கேட்டுவிட்டால் போன மா திரும்பி வரும், கூடவே கிணற்றடி மனையும் சேரும். சின்னவனுக்கு இந்த ஏற்ற இறக்கம் எல்லாம் பழகிவிட்டது. "இன்னிக்கு எனக்கு எவ்வளவுப்பா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஆபீஸ் கிளம்புகிறான்.

பீரோவுக்குள் உயில்கள் இருக்கின்றன. எல்.ஐ.சி. டைரியில் ஒன்று, கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் ஒன்று, நூறு ரூபாய் ஸ்டாம்ப் பேப்பரில் மூன்று. ஸ்டாம்ப் பேப்பரில் எழுதினால்தான் உயில் செல்லும் என்று டீக்கடையில் யாரோ சொன்னதன் விளைவு. உண்மையில் உயிலுக்கு முத்திரைத் தீர்வை கிடையாது. வெள்ளைத் தாள் போதும், பதிவுகூடக் கட்டாயமில்லை. இதை அவரிடம் சொன்னால் நம்ப மாட்டார். செலவில்லாத சமாசாரம் எப்படி உருப்படியாக இருக்கும் என்பது அவர் கட்சி.

அதே மனிதர் சட்ட ஆலோசனையை மட்டும் செலவில்லாமல்தான் வாங்குவார். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் வக்கீல் என்று தெரிந்துவிட்டால் போயிற்று. "எனக்குத் தெரிஞ்ச ஒருத்தருக்கு ஒரு சந்தேகம்…" என்று சாம்பாரில் ஆரம்பித்து, மோருக்குள் வாரிசுரிமைச் சட்டம் முழுவதையும் கறந்துவிடுவார். வக்கீல்கள் பலர் கடைசிப் பந்தியில் உட்காருவதற்கு இதுதான் காரணம் என்பது என் ஊகம்.

ஒருநாள் ரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறியது. மாத்திரையோடு பயமும் வந்ததால், கோர்ட்டுக்கு எதிரே அறை வைத்திருக்கும் ஓர் இளம் வக்கீலிடம் மஞ்சள் பையோடு போனார். வக்கீல் ஒவ்வொன்றாகப் பிரித்துப் படித்தார். பல உயில்களில் எவர்சில்வர் அண்டா யாருக்கு, குத்துவிளக்கு யாருக்கு, திவசத்தன்று எத்தனை வடை என்றெல்லாம் துல்லியமாக இருந்தது. நிலத்துக்கு சர்வே நம்பர் இல்லை. வீட்டுக்கு நான்கெல்லை இல்லை. சிலவற்றில் தேதியே இல்லை. கடைசியாக எழுதிய உயில்தான் செல்லும் என்று சட்டம் சொல்கிறது. இவற்றில் கடைசி எது என்று பீரோவுக்கே தெரியாது.

"ஐயா, இதுல சாட்சிக் கையெழுத்து எங்கயுமே காணோமே?"

"வெளியில தெரியக் கூடாதுன்னுதான் தம்பி யாரையும் கூப்பிடல."

"அப்ப இதுல ஒண்ணுகூட உயில் இல்லீங்க. 1925-ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டம், 63-ஆம் பிரிவு. குறைஞ்சது ரெண்டு சாட்சி வேணும். நீங்க கையெழுத்துப் போடுறதை அவங்க பாத்திருக்கணும், இல்லேன்னா இது என் கையெழுத்துதான்னு நீங்க அவங்ககிட்ட ஒப்புக்கொண்டிருக்கணும். அப்புறம் உங்க முன்னாடியே அவங்களும் போடணும்."

பெரியவர் முகம் முதலில் சுண்டியது. பிறகு மெல்ல மலர்ந்தது. "அப்படின்னா… இதுவரைக்கும் நான் யாருக்கும் எதுவும் கொடுக்கலையா?"

சாட்சிகள் விஷயத்திலும் சிக்கல் வந்தது. அவர் சொன்ன இரண்டு பேரும் நடைப்பயிற்சிக் கூட்டாளிகள், அவரைவிட மூத்தவர்கள். பிற்பாடு தகராறு என்று வந்தால் ஒரு சாட்சியாவது கோர்ட்டில் வந்து நிற்க வேண்டுமே, வயதில் சின்னவர்களாகப் பாருங்கள் என்றார் வக்கீல். "சின்னப் பசங்களுக்கு என் சொத்து விவரம் எதுக்குத் தெரியணும்?" சாட்சி உயிலைப் படிக்கவே வேண்டாம், கையெழுத்தைப் பார்த்தால் போதும் என்று சொல்லியும் சமாதானமாகவில்லை. நல்ல நினைவோடுதான் எழுதினார் என்று டாக்டரிடம் ஒரு சான்று வாங்கி வைப்பது நல்லது என்றபோது எழுந்தே விட்டார். "எனக்கென்ன பைத்தியமா?"

பதிவு அலுவலக வாசலில் பத்திர எழுத்தர் ஒருவர் வேறு வழி சொன்னார்: பேசாமல் தான செட்டில்மென்ட் எழுதிவிடுங்கள், இப்போதே முடிந்துவிடும். "இப்போதே" என்ற சொல்லில் பெரியவருக்கு வியர்த்தது. செட்டில்மென்ட் எழுதிய அன்றே சொத்து போய்விடும். காப்பி மறுநாளிலிருந்து போகும். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-இல் 23-ஆம் பிரிவு அவருக்கு மனப்பாடம். கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்து, பிள்ளை கவனிக்காவிட்டால், கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் அந்தப் பத்திரத்தை ரத்துக் கேட்கலாம். "கேக்கலாம். அதுக்கு நான் ஆட்டோ பிடிச்சு ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு அலையணும்ல?"

இந்த இடத்தில் மட்டும் எனக்கு அவரைப் பார்த்துச் சிரிக்கத் தோன்றவில்லை. எழுதிக் கொடுத்துவிட்டுத் திண்ணைக்கு வந்தவர்களை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். ஆனால் அந்தப் பயத்துக்கு மருந்து உயில்தான். உயிரோடு இருக்கும்வரை அதனால் ஒரு செங்கல்லும் கை மாறாது. எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம். பிள்ளைகள் பிரித்துப் பார்ப்பார்கள் என்று பயமா? உறையில் போட்டு ஒட்டி, முத்திரை வைத்து மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைக்கவும் பதிவுச் சட்டத்தில் இடமிருக்கிறது. வக்கீல் இதையும் சொன்னார். பெரியவர் யோசித்தார். உயில் அங்கே போய்விட்டால் இங்கே பீரோ சாவியை ஆட்டிக் காட்ட முடியாதே!

கடைசியில் வக்கீல் இரண்டே பக்கத்தில் ஒரு வரைவு எழுதி வாசித்தார். சர்வே நம்பர், நான்கெல்லை, டெபாசிட் விவரம் எல்லாம் இருந்தன. வாசித்து முடித்ததும் கூட வந்திருந்த பெரியவரின் மனைவி முதல்முறையாக வாயைத் திறந்தார். "எனக்குன்னு ஒண்ணும் எழுதலையா?"

பெரியவர் ஆச்சரியத்தோடு திரும்பிப் பார்த்தார். "உனக்கு எதுக்குடி? அதான் நான் இருக்கேனே!"

வக்கீல் பேனாவை மூடி வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தார்.

வரைவை ஒருதடவை படித்துப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு போனார். ஃபீஸ் கையெழுத்துக்குப் பிறகு. இன்னும் படித்துக்கொண்டிருக்கிறார். நடுவில் மகளுக்கு எழுதியதை அடித்திருக்கிறார், அவளுக்குத்தான் சீர் செய்தாயிற்றே என்று. பெரியவன் பெயருக்கு எதிரே பென்சிலில் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறார். சின்னவனுக்கு மாடி இருக்கிறது, இந்த வாரம்.

கையெழுத்தும் சாட்சியும் இல்லாமல் அவர் கண்ணை மூடினால் 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்து பங்கு பிரிக்கும். அதற்குக் காப்பிச் சூடு தெரியாது, வேட்டி முழம் தெரியாது, சீர்க் கணக்கும் தெரியாது. அவருடைய தாயார் இப்போது இல்லாததால் எல்லாம் நான்கு சம பங்கு: மகன்களுக்கு இரண்டு, மகளுக்கு ஒன்று, எந்த உயிலிலும் பெயர் வராத மனைவிக்கு ஒன்று.