படிப்பா, வேலையா?

கேள்வி: ஸ்வீடன் பல்கலைக்கழகங்கள் பி.எச்டி. இடங்களை 'வேலைவாய்ப்பு' என்று விளம்பரம் செய்கின்றனவே, அது படிப்பா, வேலையா?

பதில்: இரண்டும்தான்! அங்கே முனைவர் பட்ட மாணவர் பெரும்பாலும் பல்கலைக்கழக ஊழியர். மாதச் சம்பளம், குழந்தை பிறந்தால் விடுப்பு, ஓய்வூதியச் சேமிப்பு எல்லாம் உண்டு. கல்விக் கட்டணம் மட்டும் கிடையாது. "இன்னும் எத்தனை வருஷம் படிப்பே?" என்று கேட்கும் பெரியப்பாவிடம் சம்பளச் சீட்டை நீட்டிவிடலாம். படிப்பு 4 ஆண்டு. பாடம் நடத்தும் பொறுப்பும் சேர்ந்தால் 5 வரை போகும்.

எங்கே விண்ணப்பிக்கலாம்? மருத்துவ ஆய்வுக்கு ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா, உயிரியலுக்கு 1477இல் தொடங்கிய உப்சாலா, பொருளறிவியலுக்கு கோத்தன்பர்க்கின் சால்மர்ஸ். விளம்பரம் பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட ஆய்வுத் திட்டத்துக்கானது: புற்றுநோய் செல்லின் புரதமாக இருக்கலாம், பேட்டரியின் மின்முனையாக இருக்கலாம். அந்தக் குழுவின் ஆய்வுக் கட்டுரைகளைப் படித்துவிட்டு, நீங்கள் கற்ற எந்தச் சோதனைமுறை அவர்களுக்கு உதவும் என்று விண்ணப்பக் கடிதத்தில் எழுதுங்கள். பெயரை மட்டும் மாற்றி ஊரெல்லாம் அனுப்பும் கடிதத்தைப் பேராசிரியர்கள் முதல் வரியிலேயே மோப்பம் பிடித்துவிடுவார்கள். உங்களுக்காகப் பேசக்கூடிய ஆசிரியர்கள் இருவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். கடைசி நாளன்று அவர்கள் கல்யாண வீட்டில் இருக்கக்கூடும்!