மிஸ்டேக் ஆயிட்டு: முத்துக்குளித்துறை வழுவியல் பற்றி ஓர் ஆய்வு

இந்த ஆய்வு அரைக் கிலோ மக்ரூனில் தொடங்கியது. தூத்துக்குடியில் ஒரு பேக்கரியில் (ஆய்வு நெறி கருதிப் பெயர் மறைக்கப்படுகிறது) வாங்கிய பொட்டலத்தை வீட்டில் போய்ப் பிரித்தால் உள்ளே உப்பு பிஸ்கட். திரும்பிப் போய்க் காட்டினேன். கல்லாவிலிருந்த தம்பி சில்லறை எண்ணுவதை நிறுத்தாமல், "மிஸ்டேக் ஆயிட்டு அண்ணாச்சி" என்றார். யார் செய்த மிஸ்டேக் என்ற விவரம் அந்த வாக்கியத்தில் எங்கும் இல்லை. மழை பெய்ததுபோல, கரண்டு போனதுபோல, அது தானாக வந்து ஆகிவிட்டுப் போயிருந்தது. உப்பு பிஸ்கட்டும் கையுமாக நின்ற இடத்திலேயே முதல் கருதுகோள் பிறந்தது: தமிழில் தப்பு செய்கிறோம், ஆங்கிலத்தில் அது ஆகிறது.

'தப்பு நடந்துபோச்சு' என்று தமிழிலும் உண்டே என எதிர்வாதம் வரலாம். உண்டு. ஆனால் அதைச் சொல்லும்போது குரலைக் கொஞ்சம் இறக்க வேண்டியிருக்கிறது. மிஸ்டேக்குக்கு அந்தச் செலவும் கிடையாது.

மக்ரூனே ஒரு மிஸ்டேக்தான் என்பதையும் இங்கே பதிவு செய்தாக வேண்டும். ஐரோப்பாவில் அது பாதாமில் செய்கிற பண்டம். இந்தக் கரைக்கு வந்தபோது பாதாம் போய் முந்திரி ஏறிக்கொண்டது. முட்டை வெள்ளைக்கருவும் சீனியும் முந்திரியும் சேர்ந்த அந்தக் கூம்பை வாயில் போட்ட எவரும் பாதாம் எங்கே என்று கேட்டதாகத் தெரியவில்லை.

ஆய்வுக்குச் சான்றாளர்கள் நால்வர்: பழைய துறைமுகத்தில் தோணிக்குச் சரக்கு ஏற்றும் ஒருவர், ஒரு ஜவுளிக்கடைக்காரர், பணி ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியை ஒருவர், என் மைத்துனர். மைத்துனரின் தரவு நம்பத் தகுந்ததல்ல. ஆனால் அளவில் அதிகம்.

அவர்தான் ஒருநாள், "எனக்கும் எங்க அண்ணனுக்கும் சின்ன மிஸ்அண்டர்ஸ்டாண்டிங்" என்றார். விசாரித்தால், உப்பளப் பங்கு சம்பந்தமாக வருஷக்கணக்கில் நடக்கும் வழக்கு. அண்ணன் என்ன கேட்கிறார் என்பது தம்பிக்குத் துல்லியமாகப் புரிந்திருக்கிறது. தம்பி ஏன் தர மறுக்கிறார் என்பது அண்ணனுக்கும் அப்படியே. புரிந்ததால்தான் வழக்கு. ஆங்கிலத்தில் புரியாமல் போவதைக் குறிக்கும் சொல், நம்மிடம் வந்ததும் நன்றாகப் புரிந்த பிறகு வரும் பகையைக் குறிக்கத் தொடங்கிவிட்டது. பேச்சு வார்த்தை நின்ற சம்பந்திகள், தனிக்குடித்தனம் போன மருமகள், பாகம் பிரிந்த கூட்டுக் கடை, எல்லாவற்றுக்கும் இந்த ஒரே சொல்தான். 'சின்ன' என்ற அடைமொழி சேர்ந்தால் வக்கீல் வைத்தாயிற்று என்று கொள்க.

அடுத்தது, 'டோண்ட் மிஸ்டேக் மீ.' நம் 'தப்பா எடுத்துக்காதீங்க' கோட்டு மாட்டிக்கொண்டு வந்த வடிவம் இது என்பது ஆசிரியையின் கருத்து. இதைக் கேட்டவுடன் செய்ய வேண்டியது, அருகில் நாற்காலி இருந்தால் உட்கார்ந்துகொள்வது. அடுத்த வாக்கியம் நம் வீட்டுக் கல்யாணச் சாப்பாட்டைப் பற்றியதாக இருக்கும். அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாமல் இருக்க வேறு வழியே இருக்காது. 'டவுட்' பற்றி விரிக்க இடமில்லை: வகுப்பில் டவுட்டு கேட்கிற பிள்ளை நல்ல பிள்ளை, வீட்டில் டவுட்டுப்படுகிற கணவர் அப்படியல்ல என்பதோடு நிறுத்துகிறேன்.

சொற்பிறப்புப் பகுதி இல்லாத ஆய்வு உப்பில்லாத ஊரைப் போன்றது; தூத்துக்குடியில் இரண்டுக்கும் இடமில்லை. ஆங்கில 'எரர்' லத்தீனில் அலைந்து திரிவதிலிருந்து வந்தது. 'ராங்' பழைய நார்ஸ் மொழியில் கோணல், முறுக்கல். இது நம் பிசகுக்குச் சொந்தக்காரன் மாதிரித் தெரிகிறது. கால் பிசகினாலும் கணக்குப் பிசகினாலும் நமக்கு ஒரே சொல்தானே. முன்னதற்கு மட்டும் எண்ணெய் போட்டு உருவுவார்கள்.

ஆனால் மற்ற மூன்று தமிழ்ச் சொற்களில்தான் விஷயம் இருக்கிறது. தப்பு, பிழை, தவறு. இவற்றை வினையாக்கிப் பாருங்கள். தப்பினான் என்றால் உயிரோடு இருக்கிறான். பிழைத்தான் என்றாலும் இருக்கிறான். தவறினான் என்றால் மாலை வாங்கிக்கொண்டு கிளம்ப வேண்டும். தப்பும் பிழையும் செய்தவன் வாழ்கிறான், தவறு செய்தவன் போய்ச் சேர்கிறான் என்ற இந்த நுட்பத்தை, இடுப்பில் கயிறும் காலில் கல்லுமாகக் கடலில் இறங்கி, ஒரே மூச்சில் சிப்பி அள்ளி மேலே வந்தவர்களின் கரையில் விளக்க வேண்டியதில்லை. மேலே கயிறு பிடிக்கும் வேலையை மைத்துனரிடம் கொடுப்பார்கள் என்று இங்கே சொல்வதுண்டு. கூடப்பிறந்தவளின் தாலி அவர் கையில் இருக்கிறது, அசந்துபோக மாட்டார். 1961-க்குப் பிறகு தூத்துக்குடியில் முத்துச் சலாபம் நடக்கவில்லை. என் மைத்துனரின் குணத்தைப் பார்க்கும்போது அது நல்லதற்கே என்று படுகிறது.

இனி வரலாறு. 1542-ல் இந்தக் கரைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார், தமிழ் தெரிந்தவர்களின் துணையோடு ஜெபங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்து, ஊர் ஊராகப் பரதவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். 1544-ல் தம் உதவியாளர் மான்சிலாஸுக்கு எழுதிய ஒரு கடிதத்தில் அவர் ஒரு திருத்தம் சொல்கிறார். விசுவாசப் பிரமாணத்தில் 'விசுவசிக்கிறேன்' என்று வரவேண்டிய இடத்தில் அதுவரை 'வேண்டும்' என்ற சொல் இருந்திருக்கிறது. அது நம்புவதைக் குறிக்காது, விரும்புவதைத்தான் குறிக்கும் என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்திருக்கிறது. இனிமேல் மாற்றிச் சொல்லும்படி எழுதுகிறார். அதுவரை இந்தக் கரை, கடவுளை நம்புகிறேன் என்பதற்குப் பதிலாக, எனக்குக் கடவுள் வேண்டும் என்று சொல்லி ஜெபித்துக்கொண்டிருந்தது. மறையியலில் இது வழு. காற்று எப்போது திரும்பும் என்று தெரியாமல் கட்டுமரம் ஏறுகிற ஆளிடம் கேட்டால், இரண்டாவதுதான் கூடுதல் உண்மை என்பார். என் ஆய்வு முழுவதிலும் இதைவிட நேர்மையான மொழிபெயர்ப்புப் பிழை எனக்குக் கிடைக்கவில்லை.

செய்த தப்பைச் சொல்ல அயல் சொல் தேடுவதற்கும் இங்கே பழைய முன்னுதாரணம் உண்டு. இதே கரையில் வாழ்ந்து தமிழ் படித்த அண்டிரிக் பாதிரியார், பாவங்களை முறையாக ஒப்புக்கொள்வது எப்படி என்று ஒரு தமிழ்ப் புத்தகம் செய்தார். 1580-ல் கொச்சியில் அச்சானது. பெயர் 'கொம்பெசியோனாயரு'. பேக்கரித் தம்பியின் மிஸ்டேக்குக்கு நானூறு ஆண்டுக்கு மேற்பட்ட வம்சாவளி இருக்கிறது.

இப்போது இலக்கணம். தமிழ் இலக்கணத்தார் வழாநிலை, வழு என்று இரண்டோடு நிற்கவில்லை. வழுவமைதி என்று மூன்றாவதாக ஒன்றை வைத்தார்கள். தப்புதான், ஆனாலும் காரணம் இருப்பதால் இருந்துவிட்டுப் போகட்டும் என்பது அதன் பொருள். பசுவை 'என் அம்மை வந்தாள்' என்று அழைத்தால் திணை வழு. பாசத்தால் சொன்னதால் அமைதி. உலகில் வேறெந்த இலக்கணத்தாரும் இத்தனை பெருந்தன்மையோடு நடந்திருப்பார்களா என்பது எனக்கு டவுட்டு.

இந்த மூன்றாம் வகையின் தலைசிறந்த உதாரணம் 'டூட்டிகோரின்'. தூத்துக்குடியில் உள்ள டகரம் போர்த்துகீசியக் காதில் ரகரமாக விழுந்தது. வாலில் ஒரு மெல்லின ஒலியும் ஒட்டிக்கொண்டது. ஆங்கிலேயர் அதை எடுத்து முத்திரை குத்தினார்கள். அப்புறம் சாக்கு, பில், ரயில், கப்பல் எல்லாவற்றிலும் அதுதான். இதேபோல நம் கட்டுமரத்தைக் கொண்டுபோனவர்கள் இன்று இரட்டை உடல் கொண்ட படகைக் 'கட்டமரான்' என்கிறார்கள். அதில் கட்டும் இல்லை, மரமும் இல்லை.

தமிழக அரசு 2020 ஜூனில் 1018 ஊர்களின் ஆங்கில எழுத்துகளைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்பத் திருத்தி வெளியிட்டது. ஒன்பது எழுத்தில் முடிந்துகொண்டிருந்த தூத்துக்குடிக்குப் பதினான்கு எழுத்து கிடைத்தது. அதே பட்டியலில் வேலூர், ஆங்கிலத்தில் வாசிப்பவர் 'வீலூர்' என்று படிக்கும்படி அமைந்திருந்தது. வழுவைத் திருத்தப் போன இடத்தில் புது வழு. எதிர்ப்பு கிளம்பியது; சில நாளிலேயே பட்டியலைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். காரணம் கூறும்போது 'மிஸ்டேக் ஆயிட்டு' என்று எவரும் சொல்லாதது ஆய்வாளன் என்ற முறையில் எனக்கு வருத்தமே.

டூட்டிகோரினுக்கு நாளது தேதிவரை ஒரு வேலை பாக்கி இருக்கிறது. அந்தப் பெயரிலிருந்து எடுத்த டிசிஆர் என்ற மூன்றெழுத்துதான் தூத்துக்குடி விமான நிலையத்தின் குறியீடு. ரயில்வேயில் அதே மூன்றெழுத்து திருச்சூருடையது. நம் ஸ்டேஷனுக்கு டிஎன். ஆகவே பனிமய மாதா திருவிழாவுக்கு ரயிலில் வரும் அன்பர்கள் டிக்கெட் எடுக்குமுன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளவும். இல்லாவிட்டால் பூரம் நடக்கிற ஊரில் போய் இறங்குவீர்கள்.