ஓட்டம் அதிகம், மைலேஜ் கம்மி

மூணாறில் இவரைக் கண்டுபிடிப்பது சுலபம். மற்றவர்கள் வண்டியை விட்டு இறங்கியதும் டீக்கடையைப் பார்ப்பார்கள். இவர் குனிந்து வண்டிக்கு அடியில் பார்ப்பார்.

வயது முப்பதைத் தாண்டியிருக்கும். வீட்டிலிருந்து வேலைக்கு 6 கிலோமீட்டர். அதற்காகக் கோயம்புத்தூர் போய், 1,62,000 கிலோமீட்டர் ஓடி முடித்த 150 குதிரைத்திறன் டர்போ பெட்ரோல் கார் ஒன்றைப் பிடித்து வந்திருக்கிறார். எந்தக் கம்பெனி என்று சொல்ல மாட்டேன். வண்டி மேல் தப்பில்லை, வயசுதான்.

நம்மவர் பேச்சில் மைலேஜ் என்றால் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பது. மீட்டரில் ஏறி நிற்பதற்குப் பெயர் ஓட்டம். இவர் வண்டியில் எது குறைய வேண்டுமோ அது கூடுதல், எது கூட வேண்டுமோ அது கம்மி. கேட்டால், "டாக்டர் ஓட்டின வண்டிண்ணே" என்பார். விற்பனைக்கு வருகிற பழைய கார் எல்லாமே டாக்டர் ஓட்டினதுதான். ஆஸ்பத்திரியில் இரண்டு மணி நேரம் நாம் ஏன் காத்திருக்கிறோம் என்பது இப்போது புரிகிறது.

போடியிலிருந்து மலையேறி வந்து கொழுந்து பறித்த பூட்டி எந்த எஸ்டேட் லயத்தில் இருந்தாள் என்று கேட்டால் இவருக்குத் தெரியாது. ஆனால் ஹோண்டா சிட்டி விடெக்கின் 106 குதிரை, 2004-ல் வந்த ஆக்டேவியா ஆர்எஸ்ஸின் 1.8 லிட்டர் டர்போ, 2017-ல் 230 குதிரையோடு வந்த விஆர்எஸ் என்று வம்சாவளி ஒப்பிப்பார்.

"அண்ணே, மூணாறு 1,500 மீட்டர் உயரம். மேல வர வரக் காத்து மெலிசு. டர்போ இல்லாத இன்ஜின் இங்க ஆறுல ஒரு பங்கு பலத்தை விட்டுரும். டர்போ காத்தை அமுக்கி உள்ள தள்ளும். மலைக்காரனுக்கு டர்போதான் நியாயம்."

கணக்கில் பிழை இல்லை. சீசன் நாளில், டவுன் நெரிசலில், கொழுந்து ஏற்றிய டிராக்டருக்குப் பின்னால் அரை கிளட்சில் ஊர்ந்துகொண்டே இதைச் சொல்கிறார் என்பதுதான் சங்கடம். அந்த வேகத்தில் டர்போ விழிப்பதே இல்லை. விழித்தாலும் டிராக்டர் புகையைத்தான் அமுக்கி உள்ளே தள்ளும்.

வேகத்தடை வந்தால் பார்க்க வேண்டும். வண்டிக்கும் ரோட்டுக்கும் நடுவே ஒரு சாண் கிடையாது. மனைவி குழந்தையோடு இறங்கி ஓரமாக நிற்பார், பழக்கம். இவர் ஸ்டியரிங்கைக் குறுக்கே வெட்டி, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றுவார். அடியில் கர்ரென்று ஒரு சத்தம். தலையை வெளியே நீட்டிக் காது கொடுப்பார். "சேம்பர் இல்ல, பம்பர்தான்!" முகத்தில் நிம்மதி. பின்னால் வந்த ஜீப்காரர் இதற்குள் ஹாரனை விட்டுவிட்டுப் பீடி பற்ற வைத்திருப்பார்.

வாங்கின விலையை மட்டும் வீட்டில் சொல்லியிருக்கிறார். பெல்ட்டில் ஓடுகிற இன்ஜினாக இருந்தால் முதல் வேலை டைமிங் பெல்ட்டை மாற்றுவது; எப்போது மாற்றியது என்று தெரியாத பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி இன்ஜினே போய்விடும். அதை மாற்றினார். அப்புறம் லோயர் ஆர்ம் புஷ், அப்புறம் இக்னிஷன் காயில். சாமானெல்லாம் உடுமலைப்பேட்டை பஸ்ஸில்தான் வரும். கண்டக்டருக்கு இவர் பெயர் தெரியாது; "காயில் தம்பி" என்றுதான் கூப்பிடுகிறார். டி.என். 37 நம்பரை கே.எல். 68 ஆக்க என்.ஓ.சி., வரி என்று நடந்த நடை தனி. அதற்கு வண்டி உதவவில்லை, பஸ்தான்.

இவ்வளவு சொல்கிறேனே, ஒருநாள் விடியற்காலை ஐந்து மணிக்குக் கூட ஏறிப் போனேன். படையப்பா யானை எந்தப் பக்கம் நிற்கிறது என்று முதலில் விசாரித்துக்கொண்டார். அகலப்படுத்திய மூணாறு–போடிமெட்டு ரோடு 42 கிலோமீட்டர். தேவிகுளம் தாண்டிக் கேப் ரோட்டில் ஆளில்லை. இரண்டாவது கியரில் மெல்ல ஒரு சீழ்க்கை. மூன்றில் முதுகு சீட்டோடு ஒட்டியது. தேயிலைச் சரிவு பச்சைக் கோடாக ஓடியது. எனக்குச் சொல்ல வந்த புத்திமதி எல்லாம் மறந்து போயிற்று. அவர் சிரித்துக்கொண்டிருந்தார், அவருடைய கல்யாண ஆல்பத்தில்கூட அந்தச் சிரிப்பு கிடையாது.

நான்கு நிமிஷம் இருக்கும். இன்ஜின் விளக்கு எரிந்தது.

சூரியநெல்லிப் பக்கம் போன ஜீப் ஒன்று நின்றது. டிரைவர் இறங்கி வண்டியைப் பார்க்கவே இல்லை. "தம்பி, போன தடவை கயிறு அறுந்துச்சே, புதுசு வாங்கிட்டியா?" என்று கேட்டார்.

டிக்கியில் இருந்தது. நைலான் கயிறு, பிரிக்காத பாக்கெட்.

திங்கட்கிழமை அவர் ஆட்டோவில்தான் வேலைக்குப் போனார். வண்டி விற்பனைக்கு இல்லையாம்; கேட்டுப் பார்த்துவிட்டேன்.