மாப்பிள்ளை முறுக்கு

எங்கள் வீட்டுச் சேவலுக்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தவள் என் மனைவி. வேலை கிடையாது, வேளாவேளைக்குத் தீனி, எதிரே யாராவது வந்தால் கழுத்தைச் சிலிர்த்துக்கொண்டு ஒரு முறைப்பு. பத்துக்குப் பத்துப் பொருத்தம். மகளிடம் மட்டும் சொல்லவில்லை.

மூன்று வயதில் அதன் கால் முள் என் சுண்டுவிரல் நீளம் வளர்ந்துவிட்டது. முறத்தால் புலியை விரட்டிய பரம்பரை என்பார்கள். நானும் முறத்தோடுதான் கொல்லைக்குப் போனேன். ஓடும்போது பின்பக்கத்தை மறைக்க வசதியாக இருந்தது.

குறுந்தொகையில் 305ஆம் பாட்டில் குப்பைமேட்டுக் கோழிகள் சண்டை போடும். மூட்டிவிடவும் ஆளில்லை, விலக்கவும் ஆளில்லை. பாடியவருக்கே குப்பைக்கோழியார் என்று பெயர் நிலைத்துவிட்டது. எங்கள் சண்டையில் விலக்க ஆள் இருந்தாள். திண்ணையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

என் முழங்காலில் முள் இறங்கியபோது, "நீங்க ஏன் குறுக்கே போனீங்க?" என்றவள், கோழியின் முதுகில் கீறலைப் பார்த்ததும் பதறிப்போனாள். சேவல் மிதிக்கும்போது முள் கிழித்திருக்கிறது. அன்றைக்கே அடுப்பில் மூன்று உருளைக்கிழங்கு ஏறியது. வெந்த கிழங்கைச் சூட்டோடு முள்ளில் செருகிச் சில நிமிடம் வைத்தால் மேலோடு இளகுமாம். குறடால் முறுக்கினால் தொப்பிபோலக் கழன்றுவிடுமாம். இரண்டு முள்ளுக்கு மூன்று கிழங்கு எதற்கு என்றேன். "இருக்கட்டும்" என்றாள்.

பட்டப்பகலில் பிடித்தோம். மாப்பிள்ளை உதைத்த உதையில் முதல் கிழங்கு என் புறங்காலில் வந்து உட்கார்ந்தது. இளகியது என் தோல்தான்.

அலறல் கேட்டுப் பக்கத்து வீட்டுப் பெரியவர் வந்தார். ஒரு காலத்தில் ஏழெட்டுச் சேவல் வளர்த்தவர்.

"முள்ளுக்குள்ள என்ன இருக்குன்னு நினைச்சீங்க தம்பி? எலும்பு. ரத்தம் ஓடுற எலும்பு. மேல இருக்கிறதுதான் நகம் மாதிரி. அதை உரிச்சா உள்ள பச்சைப் புண்ணு. போதாததுக்குச் சூட்டுல காலும் வெந்துரும். உங்க நகத்தை உரிச்சா சும்மா இருப்பீங்களா?"

மனைவி என் நகத்தைப் பார்த்தாள்.

"ராத்திரி வர்றேன். அரம் மட்டும் எடுத்து வைங்க."

இருட்டினால் கோழிக்குக் கண் மங்கிவிடும். எட்டு மணிக்குப் பஞ்சாரத்தைத் தூக்கி, தலையோடு துண்டைப் போர்த்தி என் மடியில் கிடத்தினார். பகலெல்லாம் சண்டியர், இப்போது பச்சைக் குழந்தை. முள்ளின் அடியை அவர் விரலால் அசையாமல் பிடித்துக்கொள்ள, நான் நுனியை ராவினேன். நகம் தீய்ந்த வாசம் வந்தது. உள்ளெலும்பு நுனிவரை வராதாம். ஆனாலும் ஆசைப்பட்டு ஆழமாகப் போகக்கூடாது. ரத்தம் வந்தால் அப்புவதற்குக் கிண்ணத்தில் மஞ்சள்தூள் தயாராக இருந்தது. தேவைப்படவில்லை.

"மழுங்கினா போதும், மொட்டையாக்கிராதீங்க. வளரும், மறுபடி ராவிக்கலாம்."

அந்த நேரம் பார்த்து மகளிடமிருந்து போன்.

"அப்பா எங்கேம்மா?"

"மாப்பிள்ளையை மடியில போட்டு ராவிக்கிட்டு இருக்கார்."

மறுமுனையில் வெகுநேரம் சத்தமே இல்லை.

இரவு தட்டில் உருளைக்கிழங்குப் பொரியல் விழுந்தது. கிளறிப் பார்த்தேன். பொடிப்பொடியாக நறுக்கியிருந்ததால் கணக்குப் பிடிபடவில்லை.

"ரெண்டு கிழங்கா, மூணா?" என்றேன்.

"சாப்பிடுங்க" என்றாள்.