ஊரான் பிள்ளைக்கு ரெண்டு சதவீதம்

வா பேராண்டி, திண்ணையில உக்காரு. எச்.ஆர். மேனேஜர் ஆயிட்டியாமே, உங்கம்மா தெரு பூரா சொல்லியாச்சு. கையில என்ன பளபளன்னு? ஆண்டறிக்கையா, குடு பாப்போம். அடேங்கப்பா, லாபக் கணக்கைவிட மரம் நட்ட போட்டோல்ல நிறைய இருக்கு! ஒரு வேப்பங்கன்னை ஒன்பது பேரு புடிச்சிக்கிட்டு நிக்காக. அது எப்படிய்யா மூச்சு விடும்?

இவ்வளவு தர்மம் பண்ணியும் ஆளுக முகத்துல ஒரு சிரிப்பு இல்லைங்கே. இரு, வெத்தலை போட்டுக்கிடுதேன்.

தர்மங்கியே, யாரு தர்மம்? 2013-ல போட்ட கம்பெனிச் சட்டத்துல 135-ஆம் பிரிவு சொல்லுது: 500 கோடி நிகர மதிப்பு, இல்லை 1,000 கோடி விற்றுமுதல், இல்லை 5 கோடி லாபம், இதுல ஒண்ணைத் தொட்டாலும் முந்தின மூணு வருசச் சராசரி லாபத்துல ரெண்டு சதவீதத்தைச் சமூகத்துக்குச் செலவழிக்கணும். 2014 ஏப்ரல்ல இருந்து நடக்கு. உங்க மொதலாளி என்னமோ கர்ணன் மாதிரில்ல சிரிக்காரு அட்டையில!

அதுலயே இன்னொரு கூத்து. சொந்தத் தொழிலாளிக்குன்னே செய்யுத செலவு இந்தக் கணக்குல சேராது. நியாயந்தான், விட்டா போனஸையும் தர்மம்னு எழுதிருவாக. ஆனா உங்க ஆபீசுல அதைத் தொழிலாளிக்கு எதுவுமே செய்யப்படாதுன்னுல்ல படிச்சிருக்காக! பக்கத்து ஊருப் பள்ளிக்கூடத்துக்கு டைல்ஸ் போட்ட கக்கூஸ் கட்டியாச்சு, நல்ல காரியம். உங்க நைட் ஷிப்டு பொம்பளைப் புள்ளைகளோட கக்கூசுக் கதவுக்குத் தாழ்ப்பா இல்லைன்னு நீதானே சொன்னே? கேட்டா 'பட்ஜெட் இல்லை'யாம். ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தா தன் பிள்ளை தானே வளரும்னாக பெரியவுக. பட்டினி போட்டாலும் வளரும்னு சொல்லலையே.

கம்பெனி நல்லது செஞ்சா வேலைக்காரனுக்குப் பெருமை வரும், ஒட்டுதல் வரும், விட்டுப்போக மனசு வராதுன்னு நீ போன தடவை பாடம் நடத்தினே. பொய்யில்ல. வனெசா பர்பானோங்கிற அம்மா இணையத்துல கூலிக்கு ஆள் புடிச்சு சோதிச்சு 2016-ல எழுதினாகளே, கம்பெனி தர்மம் பண்ணுதுன்னு கேள்விப்பட்டவன் கூலியைக் குறைச்சுக் கேட்டான்னு. அதை உங்க மொதலாளி காதுல போட்டுராத, ராசா. போட்டேன்னா அடுத்த வருசம் இன்கிரிமென்டுக்குப் பதிலா ஆளுக்கொரு வேப்பங்கன்னுதான்.

அவரு காதுல போட வேண்டியது மத்ததை. ஜான் லிஸ்ட், பாத்திமா மொமேனின்னு ரெண்டு ஆராய்ச்சிக்காரக மூவாயிரத்துக்கு மேல ஆளுகளை எழுத்துவேலைக்கு வச்சு, கூலியில ஒரு பங்கை முன்கூட்டியே குடுத்துப் பாத்தாகளே, அது. தர்மக் கதையைச் சொன்ன இடத்துல ஏமாத்து குறையலை, கூடிருச்சு. அதுவும் 'உங்க சார்பா குடுக்கோம்'னு சொன்னா இன்னும் மோசம். புண்ணியந்தான் சேந்தாச்சே, கொஞ்சம் வேலையில கைவச்சா என்னன்னு மனசு தனக்குத்தானே சலுகை குடுத்துக்கிடுதாம். உண்டியல்ல பத்து ரூவா போட்டுட்டு எடைக்கல்லுல கைவைக்கிற ஆளை நம்ம சந்தையில நான் பாத்ததில்லையா என்ன? இதுக்கு அமெரிக்கா வரைக்கும் போயிருக்காக, பாவம்.

அப்புறம் அந்தச் சனிக்கிழமைத் தொண்டு. விருப்பம் உள்ளவுக வரலாம்னு நோட்டீசு, வராதவுக பேரு தனி ரிஜிஸ்டர்ல. ஆறு நாள் மெஷின்ல நின்னவனைக் குளத்துல இறக்கிவிட்டு, வெள்ளை பனியன்ல கம்பெனி பேரைப் போட்டு, 'இன்னும் கொஞ்சம் சிரிங்க'ன்னா எப்படிச் சிரிப்பான்? அந்த நேரத்தைக் காசாக்கி ரெண்டு சதவீதத்துல கழிக்கப்படாதுன்னு அரசாங்கமே சொல்லியாச்சு. பெறகு யாருக்குய்யா அந்தக் குளிப்பாட்டு?

ஜாம்ஷெட்பூர் டாட்டா உருக்காலையில 1912-லயே எட்டு மணி நேர வேலைன்னு வச்சாக. எந்தச் சட்டமும் அப்ப அவுகளைக் கேக்கலை. அதுக்குப் பேனர் கட்டினதா நான் கேள்விப்படலை.

சரி, மோர் குடிச்சிட்டுக் கிளம்பு, பஸ்ஸு போயிரும். முக்கு ஹார்டுவேர்ஸ் கடையில நல்ல இரும்புத் தாழ்ப்பா இருக்கும், ஸ்குரூவையும் மறக்காம வாங்கு. திங்கக்கிழமை போனதும் மாட்டிரு. எந்தத் தலைப்புல எழுதன்னு மேல கேட்டா, தாத்தா கணக்குன்னு சொல்லு. ரிப்பன் மட்டும் கட்டிராத.