சம்பந்தி காட்டிய மூலை

சின்டெக்ஸ் டேங்க்குக்கு எப்படி வரி போடுவது என்று சொல்லத்தான் உட்கார்ந்தேன். டேங்க்கின் உடம்பைச் சுற்றி அடுக்கடுக்காக ஓடுமே, அந்த வரிகள். மூணேகால் அங்குல டேங்க்கில் அவற்றைக் கொண்டுவர ஆறு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தேன். ரகசியம் ஒன்றும் இல்லை, சொல்லிவிடுகிறேன். அதற்கு முன்னால் என் சம்பந்தியைப் பற்றி இரண்டு வரி.

முந்தாநாள், நவராத்திரி மூன்றாம் நாள், சம்பந்தியும் சம்பந்தியம்மாவும் பூந்தமல்லியிலிருந்து கொலு பார்க்க வந்தார்கள். கொலுவுக்கு வருகிற ஆண்களின் நிலைமை உங்களுக்குத் தெரியும். பெண்கள் பாடுவார்கள், குங்குமம் வாங்கிக்கொள்வார்கள், ரவிக்கைத் துணியின் கலரை ஓரக்கண்ணால் பார்ப்பார்கள். ஆண்களுக்கு சுண்டல் கிண்ணத்தை ஏந்தி நிற்பதைத் தவிர வேறு உத்தியோகம் கிடையாது. சம்பந்தியும் நின்றார். தசாவதாரத்தைப் பார்த்தார். காஞ்சிபுரத்துக் கருட சேவையைப் பார்த்தார். பண்ருட்டி காகிதக்கூழ் செட்டியாரைப் பார்த்தார். எதுவும் சொல்லவில்லை. பிறகு படிக்குப் பக்கத்தில், தெற்குச் சுவரை ஒட்டிய மேஜையில் இருந்த என் வீட்டைப் பார்த்தார். குனிந்தார். கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்து மாட்டிக்கொண்டார்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனி டூல் ரூமில் முப்பத்தோரு வருடம் குப்பை கொட்டியவன் நான். என் வேலையை ஒருவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தது அதுதான் முதல் தடவை. கையைக் கட்டிக்கொண்டு, அடக்கமாகத் தரையைப் பார்த்து நின்றேன்.

அவர் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். போட்டோ எடுக்கப்போகிறார் என்று நினைத்து, வெளிச்சத்தை மறைக்காமல் விலகி நின்றேன். அவர் எடுத்தது காம்பஸ்.

"சம்பந்தி, அடுப்பு ஈசானியத்துல இருக்கே?"

ப்ளைவுட் அடுப்பு. அதன் பர்னர் சட்டைப் பித்தான்.

சரி, இதில் அவரை மட்டும் குற்றம் சொல்வது தர்மம் இல்லை. நாமெல்லாம் யார் வீட்டுக்குப் போனாலும் காபி வருவதற்குள் ஒரு மூலையைப் பழுது சொல்லிவிடுகிறவர்கள்தான். போன தை மாதம் திருமுல்லைவாயலில் ஒரு கிரகப்பிரவேசத்தில், பந்தியில் இடம் கிடைக்கும்வரை பொழுது போகாமல் மாடிப்படியை எண்ணி, "பதினெட்டா? ஒத்தப்படை இல்ல வரணும்?" என்று சொன்னவன் நான். அந்த மனுஷன் இன்றுவரை என்னைக் கண்டால் சி.டி.எச். ரோட்டில் எதிர்ப்பக்கம் போய்விடுகிறார். ஆனால் அது நிஜப் படி. காலை வைத்து ஏறுகிற படி. என் வீட்டுப் படி ஐஸ்கிரீம் குச்சி.

வீட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அப்பா 1986இல் அம்பத்தூரில் அரை கிரவுண்டில் கட்டிய எங்கள் வீட்டின் அச்சு அசல் அது. இருபத்தைந்துக்கு முப்பது அடி வீடு, இருபத்தைந்துக்கு முப்பது அங்குலமாக. அதாவது ஓர் அடிக்கு ஓர் அங்குலம், பன்னிரண்டில் ஒரு பங்கு. உலகம் முழுக்க பொம்மை வீடு கட்டுகிறவர்கள் பெரும்பாலும் பிடித்துக்கொள்கிற கணக்கு இதுதான். செட்டியார் தம்பதியோ எந்தக் கணக்குக்கும் அடங்காதவர்கள். பேத்தி அவர்களை என் வீட்டில் குடிவைக்கப் பார்த்தாள். வாசல் நிலையில் செட்டியாரின் தொப்பை நின்றுவிட்டது, அவர் கடைப் பூசணிக்காய் எங்கள் வீட்டு மோட்டார் ரூமைவிடப் பெரிது.

தரை ரெட் ஆக்சைடு. நிஜ ரெட் ஆக்சைடு பொடியை மல் துணியில் சலித்து, ஃபெவிகாலில் குழைத்துப் பூசி, மூன்று நாள் காயவிட்டு, தேங்காய் எண்ணெய் தொட்டு ஸ்பூன் முதுகால் தேய்த்தது. நடு ஹாலில் ஒரு விரிசல் ஓடும். 1994இல் பாட்டி அம்மிக்குழவியைத் தவறவிட்ட இடம் அது. அந்த விரிசலை ஊசியால் கீறி, பென்சில் தூளை ஊதி இறக்கினேன். கேட்டைத் திறந்தால் கிறீச்சிடும். அதற்கு எண்ணெய் போடாமல் இருப்பதுதான் நுணுக்கம்.

வாசல் ரோடும் உண்டு. அப்பா வீட்டைக் கட்டும்போது ரோட்டிலிருந்து மூன்று படி ஏறி உள்ளே போவோம். ரோடு போடுகிறவர்கள் பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே போட்டுப் போட்டு, இப்போது ரோட்டிலிருந்து கோயில் குளத்தில் இறங்குவதுபோல வீட்டுக்குள் இறங்குகிறோம். மழை பெய்தால் தண்ணீரும் எங்களோடு இறங்குகிறது. அதனால் ஒவ்வொரு தடவை ரோடு போடும்போதும் என் பொம்மை ரோட்டிலும் கால் அங்குல அட்டை ஒன்றை ஒட்டி உயர்த்திவிடுகிறேன். நாங்கள் ரோடு போடுவதில் பின்தங்கிவிட்டோம் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

அடுப்புக்கு வருவோம். நிஜ வீட்டிலும் அடுப்பு ஈசானியத்தில்தான். அதே அடுப்பில் கிளறிய கேசரியைத்தான், பெண் பார்க்க வந்த அன்று, சம்பந்தி இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். அன்றைக்கு காம்பஸ் வெளியே வரவில்லை. இதைச் சொல்ல வாயைத் திறந்தேன். பெண்ணைக் கொடுத்த இடம் என்று என் மனைவி கண்ணாலேயே சொன்னாள். மூடிக்கொண்டேன்.

அவர் மேலே போனார். "சம்ப்பு அக்னி மூலையில இருக்கே, தண்ணியும் நெருப்பும் ஆகுமா?" சம்ப்பு என்பது தீப்பெட்டி. "வாசல் வேற தெற்கு." எல்லாவற்றுக்கும் சிகரமாக, "ஈசானியத்துல ஓவர்ஹெட் டேங்க்கா! அங்க பாரமே ஏறக் கூடாதே சம்பந்தி!"

ஒன்றைக் கவனியுங்கள். என் வீட்டுக்கு வடக்குச் சுவரே கிடையாது. உள்ளே இருப்பது தெரியவேண்டுமே என்று அந்தப் பக்கத்தை முழுக்கத் திறந்து விட்டிருக்கிறேன். ஒரு சுவரே இல்லாத வீடு! அதைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். "வடக்கு ஓப்பனா விட்டிருக்கீங்க பாருங்க, அது ஒண்ணுதான் உருப்படி. குபேர திசை" என்றார்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. வீடு மேஜைமேல் இருக்கிறது. மேஜைக்கு நாலு கால். நிஜ வீட்டைத் திருப்பி வைக்க முடியாது, இதை முடியுமே! எழுந்து போய், கால் சுற்று பிரதட்சிணமாகத் திருப்பினேன். ஈசானியத்தில் இருந்த அடுப்பு அக்னி மூலைக்குப் போனது. சாஸ்திரம் சொல்கிற அதே இடம். சந்தோஷப்படுவதற்குள், வாயு மூலையில் சமர்த்தாக இருந்த கக்கூஸ் ஈசானியத்தில் வந்து உட்கார்ந்தது. அடுப்பு இருந்தாலே பொறுக்காத மூலை அது.

சரி, அரைச் சுற்று. வாசல் வடக்குப் பார்த்தது, பிரமாதம். கக்கூஸ் அக்னிக்குப் போனது. அடுப்பு கன்னி மூலையில். படுக்கை அறை ஈசானியத்தில். வந்தவர்களுக்குத் தெரிவது மூடிய கதவும் கேட்டும்.

முக்கால் சுற்று. இங்கேதான் எனக்கு நெஞ்சு படபடத்தது. வாசல் கிழக்கு! சம்ப்பு ஈசானியத்தில், நீர் இருக்கவேண்டிய இடத்தில்! அடுப்பு வாயு மூலையில். அக்னி கிடைக்காதவர்கள் அங்கே வைத்துக்கொள்ளலாம் என்று சம்பந்தியே எப்போதோ சொல்லியிருக்கிறார். குத்துக்காலிட்டு உட்கார்ந்து கன்னி மூலையை எட்டிப் பார்த்தேன். கக்கூஸ். வீட்டு எஜமானன் படுக்கவேண்டிய மூலையில், வெள்ளைப் பீங்கான்போல நான் தேய்த்துத் தேய்த்துச் செய்த இந்தியன் டைப்.

வீட்டைத் திருப்பாமல் கக்கூஸை மட்டும் பெயர்த்து வைக்கலாமா என்று பார்த்தேன். அதன் குழாய் வெளிச்சுவரில் இறங்குகிறது. குழாயைப் பெயர்த்தால் சுவர் வரும், சுவரைப் பெயர்த்தால் தளம் வரும். மேஜையை வேறு சுவருக்கு மாற்றினால் திசை மாறாது. ஹாலின் நடுவில் போட்டால் பிரம்ம ஸ்தானம், அங்கே பாரம் கூடாது. கொலுப்படி அங்கேதான் ஓரமாக ஏறி நிற்கிறது, அதை யாரும் கேட்கவில்லை! வீட்டைச் செங்குத்தாகக் கவிழ்த்தால் மூலைகளெல்லாம் என்ன ஆகும் என்றுகூட ஒரு நிமிஷம் யோசித்தேன். மணி இரண்டே கால். அம்பத்தூரில் நாய்களே அடங்கிவிட்ட நேரம். ஓய்வு பெற்ற ஒரு டூல் ரூம் ஆள், லுங்கியோடு, ப்ளைவுட் வீட்டை வலம் வந்துகொண்டிருந்தான்.

லண்டனில் மேரி மகாராணிக்கு ஒரு பொம்மை வீடு கட்டிக் கொடுத்தார்கள். 1924இல் வெம்ப்ளி கண்காட்சியில் வைத்தார்கள், இப்போது வின்ட்ஸர் கோட்டையில் இருக்கிறது. அதுவும் பன்னிரண்டில் ஒரு பங்குதான். விளக்கு எரியும், லிஃப்ட் ஏறும், குழாயில் தண்ணீர் வரும். மே மாதத்தில் என் நிஜ வீட்டுக் குழாய் செய்யாத காரியம். அதை வடிவமைத்தவர் லட்யன்ஸ். டெல்லி ராஷ்டிரபதி பவனைக் கட்டினாரே, அவரேதான். அந்த மனுஷனிடம் யாராவது கிண்ணத்தோடு வந்து, அடுப்பு எந்த மூலை என்று கேட்டிருப்பார்களா? இப்படியொரு சம்பந்தி இல்லாத பாக்கியசாலி.

இதை மனைவியிடம் காலையில் சொன்னேன். "அவருக்கு அரசாங்கம் சம்பளம் குடுத்துச்சு. உங்களுக்கு ஃபெவிகால் வாங்க யாரு குடுத்தா?" என்றாள். ஆம்ஸ்டர்டாமில் முந்நூறு வருடத்துக்கு முன்னால் ஒரு சீமாட்டி, கால்வாய்க் கரையில் ஒரு நிஜ வீடு வாங்குகிற காசை பொம்மை வீட்டில் போட்டாள், அது இன்றைக்கு மியூசியத்தில் இருக்கிறது என்றேன். அது நான் வாயைவிட்டிருக்கக் கூடாத தகவல். அதற்குப் பிறகுதான் பாரிஸ் கார்னர் போய்வந்த பில்களையெல்லாம் தேடி எடுத்தாள்.

நேற்று நான் ரேஷன் கடைக்குப் போயிருந்த நேரத்தில் பூந்தமல்லியிலிருந்து போன் வந்திருக்கிறது. திரும்பி வந்து பார்த்தால் வீடு கால் சுற்று பிரதட்சிணமாகத் திரும்பி நிற்கிறது. அடுப்பு அக்னியில். ஈசானியத்துக்குப் போய்விட்ட கக்கூஸின் கதவில் 'ஸ்டோர் ரூம்' என்று துண்டுக் காகிதம், என் மனைவியின் கையெழுத்தில். திறந்த பக்கம் கிழக்கே, ஜன்னல் திரைக்குள். ஹாலைப் பார்த்து நிற்பது மேற்குச் சுவர். அதில் ஒரு பாத்ரூம் வென்டிலேட்டரும், மேலிருந்து கீழே ஒரு கழிவுநீர்க் குழாயும் இருக்கின்றன. குழாய் என்பது தீர்ந்துபோன பால்பாயின்ட் ரீஃபில். அவசரத்துக்கு சாம்பல் பெயின்ட் அடித்து விட்டது. நேற்று சாயங்காலம் வந்த பதினோரு பேரும் அதைத்தான் பார்த்தார்கள். "பைப் தத்ரூபமா இருக்கு மாமா" என்று பக்கத்து வீட்டுப் பையன் சொன்னான்.

சின்டெக்ஸைப் பற்றிச் சொல்ல வந்தேன். பெயர் குஜராத்தில் கலோல் ஊரில் ஒரு துணி ஆலைக்காரர்கள் வைத்தது. நம் ஊரில் எந்தக் கம்பெனி டேங்க்காக இருந்தாலும் சின்டெக்ஸ்தான். ஃபிலிம் டப்பாவில் முயன்றேன், மாத்திரை டப்பாவில் முயன்றேன், இருமல் மருந்து மூடியில் முயன்றேன். கடைசியில் அகப்பட்டது என்னவென்றால்... ஆனால் இப்போது சொல்லி என்ன, டேங்க்தான் இல்லையே. ஈசானியத்தில் பாரம் கூடாது என்று, வீட்டைத் திருப்புவதற்கு முன்பே என் மனைவி அதைப் பிடுங்கியிருக்கிறாள். நான் ஃபெவிக்விக் போட்டால் கொஞ்சமாகப் போடுகிற ஆள் இல்லை. டேங்க் மொட்டை மாடியோடு பிய்ந்து வந்துவிட்டது.

போனில் சம்பந்தி இன்னொன்றும் சொல்லியிருக்கிறார். மேல்நிலைத் தொட்டி கன்னி மூலையில் இருக்கவேண்டும், அங்கே எவ்வளவு கனமோ அவ்வளவு நல்லது. என் மனைவி வீடு முழுக்கக் கனமாக ஒன்றைத் தேடி, ஃப்ரிட்ஜ் மேலிருந்து ஆவடிக்காரர் கொடுத்ததை எடுத்து வந்து வைத்துவிட்டாள்.

ஆவடிக்காரர் என் சிநேகிதர், டேங்க் ஃபேக்டரியில் இருந்து ஓய்வு பெற்றவர். சின்டெக்ஸ் முயற்சி எதுவும் சரிப்படாத நாளில், "பன்னிரண்டில் ஒரு பங்குல எனக்கு ஒரு டேங்க் கடைஞ்சு குடுப்பீங்களா?" என்று அவரிடம் போனில் கேட்டேன். என்ன டேங்க் என்று சொல்லவில்லை. ஆவடியில் அந்தக் கேள்விக்கு இடமில்லை. இரண்டு மாதம் கழித்து, தினத்தந்தியில் சுற்றி, ஒரு விஜயந்தாவைக் கொண்டுவந்து கொடுத்தார். 1965இல் ஆவடியிலிருந்து முதன்முதலாக உருண்டு வந்த அதே விஜயந்தா, முழுக்கப் பித்தளையில், பீரங்கியோடு. "பன்னண்டுல ஒண்ணுன்னா ரெண்டரை அடிக்கு மேல போகுதுங்க, உங்க வீடே அவ்வளவுதானே, அதான் கொஞ்சம் கம்மி பண்ணிட்டேன்" என்றார். ஒரு சாண் இருக்கும். எந்தக் கணக்கிலும் சேராது. எனக்கு அதைப் பார்த்தாலே பல் கூசும்.

"டேங்க்தானே வேணும்னாரு, இதுவும் டேங்க்தானே" என்கிறாள் என் மனைவி.

எடுக்கவில்லை. இன்று காலை, அவள் கோலம் போடப் போன சமயத்தில், அதன் மேல்கூண்டைக் கொஞ்சமாகத் திருப்பி மட்டும் வைத்தேன். பீரங்கி இப்போது சரியாகத் தென்மேற்கே பார்க்கிறது. அம்பத்தூருக்குத் தென்மேற்கே பூந்தமல்லி. வெள்ளிக்கிழமை சம்பந்தி மறுபடியும் வருகிறார். காம்பஸ் அவரிடமே இருக்கிறது.